சிரிக்க வைச்சவன் சவுக்காரம் வித்தானா?

ராத்திரி ரீவியில ஒரு விளம்பரத்தப் பாத்துப்போட்டு வயித்தப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாயே மனே, அது என்ன சாமான்ட விளம்பரம்? யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல. குரங்கு தொப்பி போட்டு வந்தது ஞாபகம் இரிக்கு. தொப்பிட நிறமும் ஞாபகம் இரிக்கு. விக்க வந்தது சவுக்காரமா, சோடாவா, போன் கார்ட்டா? ஆ, தலையச் சொறியிறாய் பாத்தியா! அந்தச் சொறிச்சலுக்குத்தான் ஒருத்தன் கோடிக்கணக்கில காசு கட்டியிரிக்கான்.

உன்னில குத்தம் சொல்லல்ல. கொழும்புக்குப் போய் மார்க்கெட்டிங் படிச்சிட்டு வந்திரிக்காய். வந்த நாளில இரிந்து, "பெத்தப்பா, விளம்பரம் வித்தியாசமா இரிந்தாச் சாமான் பறக்கும்" எண்டு எனக்கு வகுப்பு எடுக்கிறாய். நான் பாசிக்குடாக் கரையில வலை இழுத்த கை. பெரிய படிப்பில்ல. படிக்காதவனுக்கு ஒரு வசதி இரிக்கு மனே. ஆரும் இங்கிலீசில சொன்னா உடனே நம்பத் தேவையில்ல.

புதுப் பேர் ஒண்டு சந்தைக்கு வந்தாக் கத்தட்டும். கத்தினாத்தானே வந்தது தெரியும்? அதுக்கு நான் மறுப்பில்ல. என்ட கேள்வி வேற. ஊருலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர். கைக்குழந்தைக்கும் தெரியும். அவனுக்கு என்னத்துக்கு இந்தக் கோமாளி வேசம்? வேசம் போட்டாச் சாமான் கூட விக்குமா?

நம்மட புள்ளயளப் பாரு. கூரையில டிஷ் பூட்டின நாள் தொட்டு இந்தியாச் சனலில வாற விளம்பரப் பாட்டெல்லாம் மனப்பாடம். தேவாரம் ரெண்டாம் வரியில நிக்கும், விளம்பரப் பாட்டு கடைசி மட்டும் ஓடும். அதில பாதிச் சாமான் வாழைச்சேனைக் கடையில இல்ல. ஓட்டமாவடியிலயும் இல்ல. கடையில இல்லாத சாமானுக்குப் பாட்டுப் பாடுதுகள்! பாட்டு வாயில ஒட்டினதால சாமான் கைக்கு வந்ததா, சொல்லு.

2009 இல ஐபிஎல் கிரிக்கெட்ட தென்னாபிரிக்காவுக்குக் கொண்டு போனாங்க. இந்தியாவில தேர்தல் நேரம், காவலுக்கு ஆளில்ல எண்டு. அந்த நேரம் பாத்து வொடபோன் கம்பெனி ஒரு கூத்து விட்டுது. வெள்ளை உடம்பு, முட்டைத் தலை, பேர் சூசூ. கார்ட்டூன் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. கார்ட்டூன் இல்ல மனே, மனுசர். கேப் டவுணில ஆக்களுக்கு வெள்ளை உடுப்ப மாட்டி, பெரிய தலையக் கவுத்து, ஆட விட்டுப் படம் பிடிச்சது. நாளுக்கு ஒரு புதுப் படம் எண்ட கணக்கில கிட்டத்தட்ட 30 விளம்பரம். செய்தது ஒகில்வி எண்ட விளம்பரக் கம்பெனி. கெட்டித்தனம்தான், இல்லயெண்டு சொல்லல்ல. நானும் பாத்துச் சிரிச்சன். ஆனா வொடபோன் நம்மட நாட்டில கடையே விரிக்கல்ல. நான் சிரிச்ச சிரிப்பால அவனுக்கு அஞ்சு சதப் பிரயோசனம் உண்டா?

சரி, நாம வெளியாள். இந்தியாக்காரன் என்ன செய்தான்? 2016 செப்டெம்பரில ஜியோ எண்டு அம்பானிட கம்பெனி வந்துது. அவனும் விளம்பரம் போட்டான். அந்த விளம்பரத்தில பெரிசா நிண்டது பகிடி இல்ல, விலை. கதைக்கிறது சும்மா. இன்டர்நெட்டும் அடுத்த மார்ச் மட்டும் சும்மா. அவ்வளவுதான். 170 நாளில 10 கோடிச் சனம் அங்கால. ஆரு? சூசூவப் பாத்துச் சிரிச்ச அதே சனம். "ஐயோ, அந்த வெள்ளைப் பொம்மையள் பாவம், நான் இஞ்சயே நிக்கிறன்" எண்டு எத்தினை பேர் நிண்டிருப்பான்? 2018 ஆகஸ்டில வொடபோன் ஐடியா எண்ட இன்னொரு போன் கம்பெனியோட சேந்துதான் மூச்சு விட்டுது. சேந்த பிறகும் கடன் கழுத்து மட்டும். பொம்மையால நட்டம் வந்தது எண்டு நான் சொல்லல்ல மனே. நட்டம் வந்த நேரம் பொம்மை கை குடுக்கல்ல எண்டுதான் சொல்லுறன்.

அதே கம்பெனி ஹட்ச் எண்ட பேரில இரிந்த காலத்தில, 2003 இல, மூஞ்சி சப்பின நாய் ஒண்ட விட்டாங்க. பொடியன் போற இடமெல்லாம் நாய் பின்னால போகும். போன் எண்ட சாமானக் கண்ணிலயும் காட்டல்ல. மறுகா எது விலை ஏறினது தெரியுமா? பக் நாய்! இந்தியாப் பட்டணத்தில வீட்டுக்கு வீடு அந்த நாய் வேணுமெண்டு நிண்டாங்க. நாய் வளத்து விக்கிறவனுக்கு ஒரு சதம் செலவில்லாத விளம்பரம். கம்பெனியும் வளந்ததுதான், மறுக்கல்ல. ஆனா அந்த வருசங்களில இந்தியாவில போன் கனெக்சன் விக்கத் தெரியாத கம்பெனி எது?

அமெரிக்காவிலயும் ஒரு நாய்க் கதை இரிக்கு. டாக்கோ பெல் எண்ட சாப்பாட்டுக் கடை 1997 இல சிவாவா நாய்க்குட்டி ஒண்டக் கதைக்க வைச்சுது. ஸ்பானிஷ் கதைக்கிற நாய்! நாடு முழுக்கச் சிரிப்பு. நாய்ப் பொம்மை வித்துது, நாய்ப் படம் போட்ட சட்டை வித்துது. விக்காதது ரொட்டி. 2000 ஆம் ஆண்டு ரெண்டாம் காலாண்டில பழைய கடையள்ட விற்பனை 6 வீதம் இறங்கினது. நாயையும் நிப்பாட்டினாங்க, கம்பெனித் தலைவரையும் மாத்தினாங்க. ஒரு நாயோட சேந்து வேலை போன பெரிய மனுசன் உலகத்தில வேற ஆரும் இரிக்கானோ தெரியல்ல.

"பெத்தப்பா, ஓல்ட் ஸ்பைஸ்?" எண்டு இப்ப கேப்பாய். வகுப்பில அதச் சொல்லித்தான் குடுத்திரிப்பாங்க. 2010 இல சட்டை போடாத ஒரு வடிவான மனுசன் குளியலறையில இரிந்து கப்பலுக்குப் போய், கடைசியில குதிரையில நிண்டான். விற்பனை ஏறினது, உண்மை. அதே மாசங்களில ஒண்டு வாங்கினா ஒண்டு சும்மா எண்டு துண்டும் குடுத்தாங்க. இப்ப சொல்லு, ஏத்தினது குதிரையா, துண்டா? மழையும் நல்லாப் பெய்து, உரமும் போட்ட வருசம் வெள்ளாமை விளைஞ்சா, உரக்கடைக்காரன் தன்ட உரம்தான் எண்டுவான். போடியார் தன்ட கைராசி எண்டுவார். மழைக்காகக் கதைக்க ஒருத்தனும் வரமாட்டான்.

வா, கடைக்குப் போவம். விளம்பரத்தப் பத்தி விளம்பரக்காரனிட்டக் கேக்கக் கூடாது. கடைக்காரனிட்டக் கேக்கணும். ஒரு புள்ளத்தாய்ச்சி வாறாள். "காக்கா, சவுக்காரம் என்ன விலை?" முதல் கேள்வி அது. "சின்னது இல்லயா?" ரெண்டாம் கேள்வி. மூண்டாவது கேள்வி இல்ல, உத்தரவு: "கொப்பியில எழுதிக்கொள்ளுங்க." இதில குரங்கு எந்த இடத்தில வருது? கடன் கொப்பியில பேர் இரிக்கிறவள் அந்தக் கடையில எது கிடக்கோ அதத்தான் எடுப்பாள். மத்தியான வெயிலில வயலில இரிந்து வாற பொடியன் சோடா கேக்கிறான். சோடாக் கம்பெனிக்காரன் குடுத்திட்டுப் போன பிரிஜ் ஒண்டு மூலையில நிக்குது. அதுக்குள்ள எது குளிரா இரிக்கோ அதுதான் அண்டைக்கு அவன்ட சோடா. உன்ட விளம்பரத்துக்குக் குடுக்கிற காசில எத்தினை பிரிஜ் வாங்கலாம் எண்டு உன்ட வாத்தியார் கணக்குச் சொல்லித் தந்தாரா?

பால்மாத் தட்டுப்பாடு வந்ததே, மறந்திட்டியா? 2021 ஒக்டோபரில ஒரு கிலோப் பக்கெற் 1195 ரூபா ஆகினது. 2022 மார்ச்சில 1945. அதுக்கும் சாமான் இல்ல. விடியச் சாமம் சனம் வரிசையில நிண்டுது. அதுக்கு முந்தி ரீவியில எத்தினை பசு ஆடினது, எத்தினை புள்ள ஓடினது, எத்தினை தாய் கண்ணீர் விட்டாள்! வரிசையில நிண்டவன் பசுவக் கேட்டானா? "எந்தப் பால்மா எண்டாலும் பரவாயில்ல, ஒண்டு தா" எண்டான். புள்ளக்கு அந்த மாதான் வேணும், வேற மா ஒத்துக்காது எண்டு வருசக்கணக்காச் சொன்ன தாய்மார் எல்லாம், கிடைச்ச மாவக் கரைச்சுக் குடுத்தாங்க. புள்ளயளும் குடிச்சுதுகள். பேருக்கு இரிந்த பக்தி பஞ்சம் வந்த முதல் கிழமையே போயிட்டுது. சிலபேர் அண்டைக்கு விட்ட பால்மாவ இண்டைக்கும் தொடல்ல. எருமைத் தயிருக்கும் வெறுந் தேத்தண்ணிக்கும் பழகிட்டாங்க.

இன்னொண்டு கேளு. இதுக்கு உன்ட வாத்தியாரும் பதில் சொல்லமாட்டார். நம்மட நாட்டில 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டம் வந்துது. சாராயத்துக்கும் சிகரட்டுக்கும் விளம்பரம் கூடாது எண்டு. ரீவியில இல்ல, பேப்பரில இல்ல, மதிலில இல்ல. அதுக்குப் பிறகு குடிகாரன் சாராயத்திட பேர மறந்தானா? பொழுதுபடக்குள்ள கால் தன்பாட்டில போகுதே, வழி காட்டினது எந்த விளம்பரம்? ஆனா ஒண்டு மனே, இதுக்குள்ள ஒரு சூட்சுமம் இரிக்கு. விளம்பரம் இல்லாத சந்தைக்குள்ள புதுசா ஒருத்தன் சாராயம் விக்க வந்தா, தன்ட பேர எப்பிடிச் சொல்லுவான்? ஏலாது. பழையவன் கதிரையில சாஞ்சுகொண்டு இரிப்பான். அப்ப விளம்பரம் ஆருக்குத் தேவை? வாசலுக்கு வெளிய நிக்கிறவனுக்கு. உள்ள இரிக்கிறவன் போடுறது பெரும்பாலும் வெளிய நிக்கிறவன்ட சத்தம் கேக்காம இரிக்க.

என்ட வாயால சொன்னா நம்பமாட்டாய். வந்தாறுமூலைக் கெம்பசில படிக்கிற நம்மட பொடியன் ஒருத்தன் எனக்குப் படிச்சுக் காட்டினான். 2021 இல ஷபிரோ, ஹிட்ச், டக்மன் எண்டு அமெரிக்காவில மூண்டு பேர் 288 பேர்போன சாமான்ட கணக்கப் பிரிச்சுப் பாத்தாங்களாம். எல்லாம் கடையில வாங்குற அன்றாடச் சாமான். மூண்டில ரெண்டு பங்குக்கு மேல, ரீவி விளம்பரத்தால விற்பனை கூடினதா இல்லயா எண்டு பிரிச்சறியவே ஏலாமப் போச்சு. 80 வீதத்துக்கு மேல, கடைசியாக் கம்பெனிக்காரன் கொட்டின காசு கொட்டின அளவுக்குத் திரும்பி வரல்ல. சிரிப்பு விளம்பரம், அழுகை விளம்பரம் எண்டு அவங்க பிரிக்கல்ல, எல்லாம் ஒரு கணக்கு. அதுக்கு முந்தி 1995 இலயும் ஒரு கணக்கு வந்திரிக்கு. ரீவி விளம்பரத்த வைச்சு 389 பரீட்சை. விளம்பரத்தக் கூட்டினாப் புதுச் சாமானுக்குப் பலன் கூட, பழம் பேருக்குக் குறைவு எண்டு அதிலயும் தெரிஞ்சுது. ஆத்தில போட்டாலும் அளந்து போடு எண்டு நம்மட கிழவியள் சொன்னதத்தான் இவங்க கம்பியூட்டர் வைச்சுச் சொன்னாங்க. சொல்லட்டும். கிழவிக்கு ஆரும் பட்டம் குடுக்கல்லயே.

அப்ப என்னத்துக்குப் போடுறான் எண்டு கேக்கிறாய். கூத்தாடி கிழக்க பாப்பான், கூலிக்காரன் மேற்க பாப்பான். விளம்பரம் எடுக்கிறவன்ட கண் பிரான்சில, கான் நகரத்தில. அங்க வருசா வருசம் விளம்பரத்துக்கு விழா வைச்சுச் சிங்கம் குடுக்கிறாங்க. பொன் சிங்கம், வெள்ளிச் சிங்கம். சாமான் வித்ததா எண்டு கேக்கிற பரிசும் அங்க இரிக்காம், ஆனா பேப்பரில படம் வாறது மத்தச் சிங்கத்துக்குத்தான். கம்பெனித் தலைவருக்கு வேற ஆசை. கலியாண வீட்டில நாலு பேர் வந்து "உங்கட விளம்பரம் சோக்கு" எண்டு கையக் குடுக்கணும். "உங்கட சவுக்காரம் சோக்கு" எண்டு ஆராவது கலியாண வீட்டில சொன்னதக் கேட்டிரிக்கியா? மறுகா பயம். எதிராளி போடுறான், நாம நிப்பாட்டினாச் செத்தம். ரெண்டு பேரும் சேந்து நிப்பாட்டினா ரெண்டு பேருக்கும் காசு மிச்சம். ஆனா ஆரு முதல் நிப்பாட்டுறது?

நான் ஒருபக்கக் கதை சொல்லுற ஆளில்ல. வித்த கதையும் சொல்லுறன்.

கட்பரிக் கொரில்லாவப் பாத்திரிப்பாய். 2007, இங்கிலாந்து. கொரில்லா ஒண்டு கண்ண மூடிப் பாட்டுக் கேட்டு, மறுகா மேளம் அடிக்கும். சொக்லேட் ஒரு கடி கூட இல்ல. பேயன் வேலை எண்டு நினைப்பாய். அந்த வருசம் டெய்ரி மில்க் விற்பனை கூடினது. ஆனா முந்தின வருசம் என்ன நடந்தது? சல்மொனெல்லாக் கிருமிப் பிரச்சினையில பத்து லட்சத்துக்கு மேல சொக்லேட்டக் கடையில இரிந்து திருப்பி எடுத்த கம்பெனி அது. பேரில கறை. சனத்திட முகத்தில ஒரு சுளிப்பு. அந்தச் சுளிப்ப எடுக்க ஒரு கொரில்லா உதவினது. அது ஒரு வருத்தத்துக்குக் குடுத்த மருந்து. வருத்தமில்லாதவன் தினம் குடிச்சா என்ன ஆகும்?

மறுகா பெவிகோல். இந்தியாவில தச்சு வேலை செய்யிற ஆருக்கும் அந்தப் பசை தெரியும். பாலைவனத்தில ஒரு பஸ், உள்ள சனம், கூரையில சனம், பக்கத்தில தொங்குற சனம். குலுங்கிக் குலுங்கிப் போகுது, ஒரு ஆள் விழல்ல. பின்னால பாத்தா பெவிகோல் பலகை. ஒரு பேச்சில்ல. பியூஷ் பாண்டேட ஆக்கள் செய்தது, 2002 இல கானில வெள்ளிச் சிங்கம் எடுத்தது. அந்த மனுசன் 2025 ஒக்டோபரில காலமாகினார், நல்ல மூளைக்காரன். அதே ஒகில்விதான், சூசூ செய்த அதே வீடு. அப்ப ஏன் அங்க ஒட்டினது, இஞ்ச ஒட்டல்ல?

பெவிகோல் 1959 இல வந்துது. அதுக்கு முந்தித் தச்சன்மார் மிருகக் கொழுப்புப் பசையக் காய்ச்சித்தான் ஒட்டுவாங்க. நாத்தம், கரைச்சல். கம்பெனிக்காரன் ரீவிக்கு ஓடல்ல. கடைக்காரன நம்பியும் இரிக்கல்ல. நேரத் தச்சனிட்டப் போனான். பட்டறையில இரிந்தான், காய்ச்சத் தேவையில்லாத பசைய ஒட்டிக் காட்டினான், தளபாட மாதிரிப் படப் புத்தகம் குடுத்தான். பஸ் வந்தது அதுக்கு நாப்பது வருசத்துக்குப் பிறகு. தச்சன் வாயால "இதுதான் பசை" எண்டு சொன்ன பிறகுதான் பஸ் சிரிச்சுக்கொண்டு வந்துது. நீ பஸ்ஸ மட்டும் பாத்துப்போட்டுப் பட்டறைய விட்டிட்டாய். ஒகில்வி எண்ட கம்பெனியத் தொடங்கின டேவிட் ஒகில்வி ஆரெண்டு தெரியுமா? இளந்தாரி வயசில ஸ்கொட்லாந்தில வீடு வீடா அடுப்பு வித்த மனுசன். கதவத் தட்டித் திறக்க வைச்சவன். விளம்பரம் எண்டா விக்கணும் எண்டு கடைசி மட்டும் சொன்னவன். அவன்ட பேரப் போட்டுக்கொண்டு சிங்கம் வாங்கப் போறாங்க.

நம்மட ஒழுங்கையில உண்மையா வேலை செய்யிற ஒரு விளம்பரம் இரிக்கு. நீ அத விளம்பரம் எண்டே நினைச்சிரிக்கமாட்டாய். விடியவும் பொழுதுபடவும் பாண் ஓட்டோ வருதே, ஒரு சங்கீதம் போடுதே? அது பீத்தோவன் எண்ட ஜேர்மன்காரன் 1810 இல எழுதின மெட்டாம். அந்தாளுக்கு நம்மட பாணும் தெரியாது, பணிஸும் தெரியாது. அதுக்கும் பாணுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்டுமில்ல. குரங்குக்கும் சவுக்காரத்துக்கும் இரிக்கிற சம்பந்தம்தான். ஆனாச் சத்தம் கேட்டாப் புள்ள காசுக்கு அழும், நீ கடப்படிக்கு ஓடுவாய். ஏன்? சத்தத்துக்குப் பின்னால சூடாப் பாண் நிக்குது. இப்ப எடுக்காட்டி ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குப் போயிரும். உன்ட ரீவி விளம்பரம் ராத்திரி ஒம்பது மணிக்குப் பாயில படுத்திரிக்கிறவனச் சிரிக்க வைக்குது. அந்த நேரம் கடை பூட்டு. விடிஞ்சா அவன் முதலில மறக்கிறது என்னத்த?

இப்ப உன்ட சினேகிதன் பாசிக்குடாவில கெஸ்ட் ஹவுஸ் போட்டிரிக்கான், அதுக்கு ஒட்டகத்தக் கடலில இறக்கிப் படம் எடுப்பம் எண்டு கதைக்கிறியளாம். ஒட்டகம் எங்க இரிந்து வரும் எண்டு நான் கேக்கல்ல. இந்தக் கடலில ஆள் எவ்வளவு தூரம் உள்ள போனாலும் தண்ணி இடுப்புக்கு மேல வாறது லேசில்ல. அதக் கேட்டுத்தான் சனம் வருது. ஒருக்கா வந்தவன் புள்ளயளக் கூட்டிக்கொண்டு திரும்ப வாறான். ஒட்டகத்துக்குக் குடுக்கிற காசில கக்கூசில தண்ணி ஒழுங்கா வர வை. மெத்தைய மாத்து. மீன் ஆணத்தில மீன் இரிக்கட்டும். விலைப் பலகைய வாசலில தொங்க விடு, வெள்ளைக்காரனுக்கு ஒண்டு, நம்மட சனத்துக்கு ஒண்டு எண்டில்லாம.

சிரிக்காத எண்டு நான் சொல்லல்ல மனே. நல்லாச் சிரி. அந்தச் சிரிப்புக்கும் சேத்துத்தான் பக்கெற் விலை போட்டிரிக்கு, நீ காசு கட்டிட்டுத்தான் சிரிக்காய். அதால அடுத்த முறை கடைக்குப் போகக்குள்ள, ரீவியில குரங்கு ஆடின சவுக்காரத்தயும் பக்கத்தில பேசாமக் கிடக்கிற சவுக்காரத்தயும் ரெண்டு கையிலயும் எடு. பின்னால திருப்பிக் கிராம் எவ்வளவு, விலை எவ்வளவு எண்டு பாரு. பாத்துப்போட்டு, கணக்கு எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கத்தக் காக்காட கொப்பியில எழுதச் சொல்லு.